கட்டடமும் கணக்கேடும்

கட்டடத் தொழிலை அரசு கண்காணிப்பது எதற்காக? சுவருக்குள் மறைந்துவிடும் கம்பியையும் சீமெந்தையும் அதில் குடியேறுபவர் பின்னர் பார்க்க இயலாது. அவர் காண முடியாததை அவர் சார்பில் முன்னரே காண்பதற்காகவே அனுமதியும் பரிசோதனையும் ஏற்பட்டன. 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். 2017 மே மாதத்தில் கொழும்பு வெள்ளவத்தையிலும் ஐந்து மாடிக் கட்டடமொன்று இடிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. இவை சட்டம் இல்லாத இடங்களில் நிகழ்ந்தவை அல்ல என்பதே சிந்திக்கத்தக்கது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். குடாக்கரையிலேயே சீமெந்துத் தொழிற்சாலை இயங்குகின்றது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கும் மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் ஆற்றுமணல் அள்ளப்படுகின்றது. இங்கே ஒரு வீடு எழும்பும்போது அதன் செய்தி பல அலுவலகங்களிற் பதிவாகின்றது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் வழி, வரைபடம் உள்ளூராட்சி மன்றத்தை அடைகின்றது. கரையோர வலயத்தில் அமையுமாயின், 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மணலுக்குரிய உரிமப்பத்திரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் வழங்குகின்றது. ஒப்பந்தகாரரின் பதிவோ 2014ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவித்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையிடம் உள்ளது.

நான்கு ஏடுகளும் தனித்தனியே இருப்பின் ஒவ்வொன்றும் ஒழுங்காகவே தோன்றும். ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் முரண்பாடு தெரியவரும். ஒரு பகுதிக்குச் சென்ற மணலின் அளவு, அங்கே அனுமதி பெற்ற வீடுகளின் தேவையைவிடப் பன்மடங்காயின் அந்த மணல் எங்கே போயிற்று? இரண்டு மாடிக்கு அனுமதி பெற்ற இடத்தில் நான்கு மாடிக்குரிய மின்னிணைப்புகள் எவ்வாறு வந்தன? இத்தகைய வினாக்களைக் கணினியின் துணையுடன் எழுப்புவதே தரவுப் பகுப்பாய்வு எனப்படுவது.

நியூ யோர்க் நகரம் இதனைச் செய்து பார்த்தது. சட்டத்துக்கு மாறாகப் பிரிக்கப்பட்டு, அளவுக்கு மிஞ்சிய மக்கள் அடைபட்டு வாழும் வீடுகளைப் பற்றி அங்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ 25,000 முறைப்பாடுகள் வந்தன; பரிசோதகர்களோ 200 பேரளவில் இருந்தனர். 2010ஐ அடுத்த ஆண்டுகளில் வரி நிலுவை, கட்டடத்தின் வயது, எலித்தொல்லை பற்றிய முறைப்பாடு போன்ற பதிவுகள் இணைக்கப்பட்டு, ஆபத்து மிக்கவை எனக் கருதப்பட்ட வீடுகள் முதலிற் பார்க்கப்பட்டன. முன்னர் நூறு பரிசோதனைகளிற் பதின்மூன்றில் மட்டுமே வீட்டைக் காலிசெய்யும் கட்டளை பிறந்தது. பின்னர் அது எழுபதுக்கு மேலாயிற்று. வெளிச்சுவர் செங்கல் வேலைக்கு அனுமதி பெற்ற வீடுகளில் ஆபத்துக் குறைவு என்ற குறிப்பு, களத்திற் பழகிய ஒரு பரிசோதகரின் அனுபவத்திலிருந்தே கணக்கிற் சேர்ந்தது. இயந்திரம் மனிதரின் பட்டறிவை விலக்கவில்லை. அதற்கு வழி திறந்தது.

எனினும், ஓர் எச்சரிக்கை தேவை. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர், வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றர், தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டலாகாது என எல்லை வகுக்கப்பட்டது. நிலத்தின் உயரமும் கரையின் அமைப்பும் இடத்துக்கு இடம் வேறுபடினும் எல்லை ஒரே கோடாக அமைந்தது. கடலை நம்பி வாழும் மீனவர் பெரிதும் இடர்ப்பட்டனர். பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. நுண்ணிய தரவு இல்லாத விதி எளியவர் மீதே பாரமாக விழும் என்பதற்கு இது சான்று. இன்றும் போரிலும் கடற்கோளிலும் உறுதிப்பத்திரங்களை இழந்த குடும்பங்கள் இப்பகுதியில் உள்ளன. ஏட்டிற் பெயரில்லாமை குற்றத்துக்கு அடையாளமன்று. எங்கே முதலிற் செல்லவேண்டும் என்பதைக் கணினி கூறலாம். தீர்ப்பை நேரிற் சென்று கண்ட மனிதரே கூறவேண்டும்.

பதிவுகள் மக்களுக்கும் திறந்திருத்தல் நன்று. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மனைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுபெற்ற கட்டுமானத் திட்டங்களின் முன்னேற்றத்தை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இணையத்தில் வெளியிடப் பணிக்கின்றது. ஒரு காணிக்கு ஒரே இலக்கம் என எல்லா அலுவலகங்களும் ஏற்றுக்கொண்டால், ஏடுகளை இணைக்கும் வேலையிற் பெரும்பகுதி முடிந்துவிடும். பெருஞ்செலவான இயந்திரத்தைக் காட்டிலும் முதலில் வேண்டப்படுவது இந்த உடன்பாடே.