பின் பிரேக் பிடிக்கவில்லையா? லைனரை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

எங்கள் தோட்டத்துக்குத் தொழுவுரம், கடலைப் புண்ணாக்கு வருவதும், கீரைக்கட்டு சந்தைக்குப் போவதும் ஒரு பழைய மகிந்திரா ஜீப்பில்தான். செங்குன்றத்திலிருந்து ஜி.என்.டி. சாலையில் இறங்கினால் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள். போன ஆடியில் புழல் அருகே முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். ஜீப் நிற்காமல் போய், ஒரு முழம் இடைவெளியில் நின்றது. பக்கத்தில் என் மகன் உட்கார்ந்திருந்தான்.

ஆறு மாதத்தில் இரண்டு முறை பின் லைனர் மாற்றியிருந்தேன். புழலில் பட்டறை வைத்திருக்கும் தம்பி டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, லைனர மாத்துனது சரி. அதுல எண்ணெய் எங்கேருந்து வருதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். இலை மஞ்சளானால் மண்ணைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், வண்டி விஷயத்தில் அதை மறந்துவிட்டேன். அன்று கற்றதை எழுதுகிறேன்.

பிரேக் போடும்போது எடை முன்னால் சாயும். அதனால் காலி வண்டியில் பெரும்பகுதி வேலையை முன் சக்கரங்களே செய்துவிடும். பின் பிரேக் பலவீனமானது தெரியாது. பின்னால் பாரம் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும்.

முதலில் பெடல். ஒரே மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்த மிதியில் மேலே வந்தால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்தபடி வைத்திருக்கையில் மெல்லக் கீழிறங்கினால், எங்கோ கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் தேய்மானம். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் லைனரைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது சக்கரம். சமதரையில் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, நீங்கள் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுற்றினால், அந்தப் பக்க வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது லைனரில் எண்ணெய் பட்டிருக்கலாம். இரண்டுமே சுற்றினால் அட்ஜஸ்ட்மென்டையும், சேஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். பழைய ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும்.

பிறகு டிரம்மைக் கழற்றுங்கள். லைனர் ஈரமாக இருந்தால், அந்த ஈரத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் பிரேக் ஆயில்; வீல் சிலிண்டர் கசிகிறது. மிதந்தால், கந்தக வாடையும் அடித்தால், கியர் ஆயில். ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது.

சீலை மாற்றும் முன் இன்னொன்றும் பாருங்கள். ஆக்சில் மேல் பிரீதர் என்ற சிறு காற்றுத் துளை இருக்கும். அது அடைத்தால், ஓட்டத்தில் சூடாகும் காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். என் வண்டியில் வயல் சேறு அதை அடைத்திருந்தது. இரண்டு முறை லைனருக்குக் கொடுத்த காசு இந்தச் சேற்றுக்குப் போனது! பிரீதரைச் சுத்தம் செய்து, சீல் மாற்றினோம். எண்ணெய் ஊறிய லைனரைக் கழுவிப் போடக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டிரம் தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய பிரேக் ஆயிலை மண்ணில் ஊற்ற வேண்டாம். அதற்குப் பதிலாக என்ஜின் ஆயிலும் ஊற்றக் கூடாது. ரப்பர் வாஷர் ஊதிப் பிரேக்கே போய்விடும்.

வேலை முடிந்ததும் களத்துமேட்டில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பாருங்கள். பாரமேற்றிச் சாலைக்குப் போவது அதற்குப் பிறகுதான். நான் இப்போது சேற்றில் இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் பிரீதரைத் துடைத்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலைதான்.