சீந்தில் கொடியும் சக்தி வியாபாரமும்

"நோய் எதிர்ப்புச் சக்தி" என்னும் சொல் 2020-ம் ஆண்டுக்கு முன் நம் வீடுகளில் அவ்வளவாகப் புழங்கியதில்லை. கொரோனா வந்தது, அதன் பின்னோடு இந்தச் சொல்லும் வந்து நடுக்கூடத்தில் மணை போட்டு உட்கார்ந்துகொண்டது. கொரோனாவின் ஆர்ப்பாட்டம் அடங்கிவிட்டது. சொல் மட்டும் எழுந்திருக்கிற வழியாயில்லை. தேயிலைப் பொட்டலத்தில்கூட அதை அச்சிட்டு விற்கிறார்கள்!

இந்த வியாபாரத்தில் முன் வரிசையில் நிற்பது சீந்தில். வேலியிலும் வேப்ப மரத்திலும் தானாகப் படரும் கொடி. வடக்கே கிலோய் என்பார்கள். அமிர்தவல்லி என்ற அழகான பெயரும் இதற்கு உண்டு. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் இதுவும் ஒன்று. ஆகவே இதைப் பழிப்பது நமது நோக்கமன்று.

ஆனால் மும்பையில் நடந்ததை நேயர்கள் அறிந்துகொள்ளத்தான் வேண்டும். 2020-ம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கே சிலர் கண்ணும் மேனியும் மஞ்சள் பாரித்து டாக்டர்களிடம் வந்தார்கள். துருவி விசாரித்ததில், அவர்கள் சக்தி வேண்டிச் சீந்திலை உட்கொண்டு வந்தது வெளியாயிற்று. அப்படிப்பட்ட ஆறு பேருடைய விவரம் 2021-ல் பிரசுரமாயிற்று. மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் அதை ஒப்பவில்லை. சீந்திலைப் போலவே தோன்றும் வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. 2022-ல் தேசத்தின் பல ஊர் டாக்டர்கள் சேர்ந்து 43 பேருடைய விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் கல்லீரல் அடியோடு செயலிழந்தவர்களும் இருந்தார்கள்.

காரணம் என்ன? எதிர்ப்புச் சக்தி என்பது குடத்தில் ஊற்றி நிரப்பும் தண்ணீர் அன்று. ஊர்க்காவல் படை போன்றது. திருடனைப் பிடிப்பது அதன் வேலை. சிலருடைய உடம்பில் அது வீட்டுக்காரனையே திருடன் என்று எண்ணி அடிக்கத் தொடங்கிவிடுகிறது. தைராய்டுக் கோளாறுகளில் பலவும், முடக்குவாதமும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அத்தகைய படையைத் தூண்டிவிட்டால் அடி கல்லீரலில் விழக்கூடும் என்பதே டாக்டர்களின் கருத்து.

பழைய வைத்தியர் நாடி பார்ப்பார். இத்தனை நாள், இன்ன பத்தியம் என்று கணக்குச் சொல்வார். கெடு முடிந்ததும் மருந்தை நிறுத்துவார். இன்றைய புட்டியோ, "தினந்தோறும் அருந்துக" என்கிறது. என்றுவரை என்று சொல்வதில்லை. நம் நாட்டு மருந்து என்ற பெருமை நமக்கும் உண்டு. ஆனால் குணம் செய்யும் வீரியம் ஒன்றில் இருந்தால், கெடுதல் செய்யும் வீரியமும் அதில் இருக்கத்தானே செய்யும்? இரண்டும் இல்லாத சரக்குக்குக் காசு கொடுப்பானேன்?

தைராய்டு, முடக்குவாதம், கல்லீரல் நோய் உள்ளவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களும் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது. மற்றவர்களும், பசி மந்தித்து, சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளித்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் செல்ல வேண்டும். போகும்போது அந்தப் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று அவர் கேட்டால், மூலிகை மருந்தில் சேர்த்தி இல்லை என்று எண்ணி, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறவர்கள் நம்மில் அநேகர்.