பயணத்தில் ஒரு குளிர்ப்பெட்டி

கோடை விடுமுறை வந்துவிட்டால் வேளாங்கண்ணிக்கோ ஏற்காட்டிற்கோ குடும்பத்தோடு வேனில் புறப்படுவது நம்மில் பலருக்கு வழக்கம். புளியோதரை ஒரு நாள் தாங்கும். ஆனால் கைக்குழந்தைக்கான பாலும், நீரிழிவு நோயுள்ளவருக்கான இன்சுலினும் நம் ஊர் வெயிலைத் தாங்குமா? இதற்காகவே வண்டியில் வைத்துக்கொள்ளத்தக்க சிறிய குளிர்ப்பெட்டிகள் இன்று விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கினால் மட்டும் போதாது. நம் வெயிலுக்கு ஏற்றபடி சீர்செய்து, பழுதின்றிப் பேணவும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்வோம். குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயுள்ள வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதுபோல அது வெப்பத்தை இறைக்கிறது. இறைத்த நீர் மீண்டும் கிணற்றுக்குள்ளேயே வழிந்தால் என்ன பயன்? ஆகவே, வெப்பம் உள்ளே புகாமல் தடுத்தல், வெளியேறும் வெப்பத்திற்கு வழிவிடுதல் ஆகிய இவ்விரண்டுமே நாம் செய்யும் எல்லா வேலைகளுக்கும் அடிப்படையாகும்.

மூவகைப் பெட்டிகள்

இரு வேறு உலோகங்கள் கூடுமிடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு முனை குளிரும், மறுமுனை சூடாகும் என்பதைப் பிரான்சு நாட்டவரான பெல்டியே 1834ஆம் ஆண்டில் கண்டறிந்தார். விலை குறைந்த பெட்டிகள் இம்முறையில் இயங்குகின்றன. வெளியிலுள்ள வெப்பத்தைவிட ஏறத்தாழ 20 டிகிரி மட்டுமே இவை குறைக்கும். வெளியே 40 டிகிரி செல்சியஸ் என்றால் உள்ளே 20 டிகிரி. பழத்திற்கு இது போதும், பாலுக்குப் போதாது.

இரண்டாம் வகை, 1922இல் சுவீடன் நாட்டு மாணவர்களான வான் பிளாட்டன், முன்டர்ஸ் ஆகிய இருவர் வடிவமைத்தது. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவற்றைக் கொண்டு, சுழலும் உறுப்பு எதுவுமின்றி, எரிவாயுச் சுடரின் சூட்டிலேயே இது குளிர்விக்கிறது. ஆனால் சமதரையில் நிற்க வேண்டும். ஓடும் வண்டியில் சுடரை எரியவிடுவது ஆபத்து.

மூன்றாவது, நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் போலவே கம்ப்ரஸர் உள்ளது. வண்டியின் 12 வோல்ட் பாட்டரியில் இயங்குவது. விலை கூடுதல் என்றாலும், நம் கோடையில் பாலையும் மருந்தையும் காக்க ஏற்றது இதுவே.

இடமும் போர்வையும்

வெயிலில் கதவடைத்து நிற்கும் வண்டியின் உட்புறம் 50 டிகிரிக்கு மேலும் சூடேறும். எனவே சன்னல் வெயில் படாத இடத்தில் பெட்டியை வைப்போம். வண்டியின் தரையும் சுடுமாதலால், அடியில் இரண்டு மரச்சட்டங்களை இட்டு அவற்றின்மேல் வைத்து, பட்டையால் இறுகக் கட்டுவோம். பளபளப்பான தாள் ஒட்டிய நுரைப்பாயை அளவாக வெட்டி மூடியையும் பக்கங்களையும் போர்த்தினால் வெப்பம் புகுவது குறையும். ஆனால் காற்றுத் துளைகள் உள்ள பக்கத்தை ஒருபோதும் மூடலாகாது. அங்கே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். பைகளை அதன்மேல் சாய்த்து வைப்பது, மூச்சுவிடும் மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

கம்பியும் பாட்டரியும்

வகுப்பில் நாம் படித்த ஓம் விதி இங்கே உதவிக்கு வருகிறது. பாட்டரி முன்னே, பெட்டி பின்னே. இடையில் 5 மீட்டர். போகவும் வரவும் 10 மீட்டர் செம்புக் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியில் 5 ஆம்பியர் பாய்ந்தால் ஏறத்தாழ 0.6 வோல்ட் வழியிலேயே வீணாகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 0.15 வோல்ட் மட்டுமே. பாட்டரி நன்றாக இருந்தும் பெட்டி அடிக்கடி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் மெல்லிய கம்பியே காரணம். ஆகவே தடித்த கம்பியைத் தனியே இழுத்து, பாட்டரியின் அருகிலேயே பியூஸ் வைக்க வேண்டும். இதனை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டே செய்தல் நன்று.

இரவு வண்டி நிற்கும்போது இன்னொரு கணக்கு உண்டு. 4 ஆம்பியர் வாங்கும் பெட்டி பாதி நேரம் ஓடினால், 10 மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய வண்டியின் பாட்டரி 40 ஆம்பியர்-மணி என்றால் பாதி தீர்ந்தது! காலையில் எஞ்சின் கிளம்ப மறுக்கலாம். பாட்டரி இறங்கும்போது தானே நிறுத்திக்கொள்ளும் அமைப்பு பல பெட்டிகளில் உண்டு. அதை உயர்ந்த அளவில் வைப்போம். தங்குமிடத்தில் வீட்டு மின்சாரம் கிடைத்தால், பெட்டிக்குரிய இணைப்பைக் கொண்டு அதில் இயக்குவது இன்னும் நல்லது.

உயிர் காக்கும் மருந்து

திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பம் அதனைக் கெடுக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. உறைந்தாலும் அது கெடும் என்பதைப் பலர் அறியார். உறைந்து உருகிய மருந்து பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தலாகாது. ஆகையால் குப்பியைத் துணியில் சுற்றி, சிறு டப்பாவில் இட்டு, குளிர்த்தகட்டையோ பனிக்கட்டியையோ தொடாதபடி நடுவில் வைப்போம். பக்கத்தில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். எண் காட்டும் விளக்கைவிட மருந்தின் அருகிலுள்ள வெப்பமானியே நம்பத்தக்கது.

பேணும் முறை

1. புறப்படும் முன்னிரவே வீட்டு மின்சாரத்தில் பெட்டியைக் குளிரவைத்து, குளிர்ந்த பொருள்களையே உள்ளே அடுக்குதல்.

2. வெற்றிடத்தைக் குளிர்ந்த நீர்ப் புட்டிகளால் நிரப்புதல். மின்சாரம் நின்றாலும் அவை குளிரைக் காக்கும்.

3. மூடியின் ரப்பர் பட்டையைச் சோதித்தல். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்தால், அது எளிதில் வரலாகாது.

4. இணைப்பைத் துண்டித்தபின் காற்றுத் துளைகளிலுள்ள தூசியை மெல்லிய தூரிகையால் அகற்றுதல்.

5. உள்ளே படியும் பனியைக் கத்தியால் சுரண்டாமல், நிறுத்தி உருகவிடுதல்.

6. ஊர் திரும்பியதும் சமையல் சோடா கலந்த நீரால் துடைத்து உலர்த்தி, மூடியைச் சற்றே திறந்து வைத்தல். இல்லையேல் பூஞ்சை பிடித்து நாறும்.

இவற்றுள் எதுவும் ஆண்பிள்ளைகள் மட்டுமே செய்யத்தக்க வேலையன்று. தூரிகை பிடிக்கவும், கணக்குப் போடவும், வெப்பமானியைப் பார்க்கவும் நம் கைகளுக்கும் கண்களுக்கும் தெரியும். அடுத்த பயணத்தில் இப்பெட்டியின் பொறுப்பை நாமே கேட்டு வாங்கிக்கொள்வோம். பாட்டியின் மருந்தும் தம்பியின் பாலும் கெடாமல் ஊர் போய்ச் சேர்ந்தால், நாம் படித்த பௌதிகம் பிறரன்புப் பணியாகவும் மலரும் அன்றோ!