குற்றத்தை ஆராய்ந்தாலும் விருது உண்டு!



பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஒரு அம்மாவின் சங்கிலி பறிபோகிறது. திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை. அவன் ஏன் திருடனானான், பறிகொடுத்தவருக்கு என்ன நியாயம் என்று ஆராய்வது குற்றவியல் படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறையே உண்டு.

இதில் சாதிப்பவர்களுக்கு இந்தியக் குற்றவியல் சங்கம் குமரப்பா-ரெக்லெஸ் விருது தருகிறது. சுவீடனில் 2006 முதல் ஸ்டாக்ஹோம் பரிசு தரப்படுகிறது. முதல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஜான் பிரெய்த்வெயிட். தப்பு செய்தவரை அவமானப்படுத்தி ஒதுக்கினால் மேலும் கெடுவார். தப்பை உணரவைத்து, நஷ்டத்தை ஈடுகட்டவைத்து, மறுபடி சேர்த்துக்கொண்டால் திருந்துவார் என்பது அவர் கருத்து.

நம்ம குழுவில் சேமிப்புப் பணத்தில் யாராவது கை வைத்தால், தீர்மானம் போடும் முன் இதை யோசிங்க. மகள் இந்தப் படிப்பைக் கேட்டால், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?"ன்னு தடுக்காதீங்க!