கதை கேட்டே ஸ்பானியம் கற்கலாம்

ஸ்பானிய மொழியின் முதல் வகுப்பு. கரும்பலகையில் மூன்று சொற்கள்: தியெனே, கியெரே, பா. பக்கத்திலேயே தாய்மொழியில் பொருள்: வைத்திருக்கிறாள், விரும்புகிறாள், போகிறாள். அன்றைக்குப் புதுச்சொற்கள் அவ்வளவுதான். அவற்றை வைத்தே ஆசிரியர் கதையைத் தொடங்குகிறார்.

இந்த முறையை உருவாக்கியவர், கலிபோர்னியாவில் ஸ்பானியம் கற்பித்த பிளேன் ரே. அவருக்கு முன்பு, 1960களில் உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர், 'எழுந்திரு', 'கதவைத் திற' என்று அயல்மொழியில் சொல்லி மாணவர்களைச் செய்ய வைத்துக் கற்பித்தார். ரேயும் அதைக் கையாண்டார். ஆனால் கட்டளைகளை மட்டும் வைத்து நடந்ததைச் சொல்லவோ மனதில் இருப்பதை விவரிக்கவோ முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கவே கதையைச் சேர்த்தார். புரிகிற மொழியைக் கேட்டும் படித்தும்தான் மொழி கைவரும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் விளக்கிய கருத்தும் இதற்குத் துணை நின்றது. டி.பி.ஆர்.எஸ். என்பது ரேயின் முறைக்குச் சுருக்கப் பெயர்.

முறையின் உயிர் கேள்விகளில் இருக்கிறது. "மரியா தியெனே உன் காத்தோ", அதாவது மரியா ஒரு பூனை வைத்திருக்கிறாள் என்கிறார் ஆசிரியர். பிறகு ஸ்பானியத்திலேயே கேட்கிறார்: மரியா பூனை வைத்திருக்கிறாளா? பூனையா, நாயா? நாய் வைத்திருக்கிறாளா? பூனை வைத்திருப்பது யார்? ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் போதும். ஒரு நிமிடத்துக்குள் 'தியெனே' பலமுறை காதில் விழுந்துவிடுகிறது.

அடுத்து, மரியாவுக்கு இன்னும் எத்தனை பூனை வேண்டும், அவற்றைத் தேடி எங்கே போகிறாள் என்பதை மாணவர்களே முடிவு செய்கிறார்கள். ஒருவர் நூறு என்பார். இன்னொருவர் நிலாவுக்கு அனுப்புவார். ஒரு மாணவி மரியாவாக எழுந்து நடிப்பாள். தாங்களே வளர்த்த கதை என்பதால், திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிப்பதில்லை. கடைசியில் அதே சொற்களில் எழுதிய கதையைப் படிக்கிறார்கள்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை சில. நிதானமாகப் பேசுங்கள். ஒருவர் புரியாமல் விழித்தாலும் நிறுத்திப் பொருளைச் சொல்லுங்கள். புதுச்சொற்களை அடுக்காதீர்கள். பேசச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். போதுமான அளவு கேட்ட பிறகு பேச்சு தானாக வரும். வகுப்பு முடியும்போது, விரும்பும் ஒருவரைக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'தியெனே' தடையின்றி வந்தால், அடுத்த கதைக்குப் போகலாம்.