மேல்மாடி யாருக்குச் சொந்தம்?

கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் அமைந்த ஊர் ஆலங்குடா. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் இங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் வந்து தங்கினர். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கை மெல்ல மெல்லக் கல்வீடுகளுக்கு மாறியது. 2007இல் உலக வங்கியின் உதவியுடன் ஆரம்பமான புத்தளம் வீடமைப்புத் திட்டத்தின் கீழும் பல குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டன. அன்று உம்மாவின் மடியில் வந்த பிள்ளைகளுக்கு இன்று கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். காணி மட்டும் அதே அளவுதான். எனவே வீடு மேல்நோக்கி வளர்கிறது.

பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது நம் பகுதியின் வழமை. மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்மாடி என்று பேச்சு முடிகிறது. மருமகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார். மகள் தன் நகையை விற்றுத் தட்டுப் போடுகிறாள். “எல்லாம் உங்களுக்குத்தானே” என்கிறார் வாப்பா. எவரும் ஒரு வரி எழுதி வைப்பதில்லை. வாப்பா மவுத்தான சில மாதங்களில், ஒரே படியில் ஏறி இறங்கிய சகோதரிகள் முகம் பார்க்காமல் போகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள்

ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரு பெண்மக்களையும் விட்டு மவுத்தாகிறார்; வேறு வாரிசுகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். காணியும் வீடும் அவர் பெயரில் உள்ளன. முழுச் சொத்தையும் 32 பங்காக வைத்தால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்மார் ஒவ்வொருவருக்கும் 7. இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாதனமற்றோர் உரிமைச் சட்டமும் இறந்தவர் சார்ந்த மத்ஹபின்படியே பங்கிடச் சொல்கிறது. மேல்மாடியைத் தன் நகையால் கட்டிய மகளுக்கும் அதே 7 பங்குதான். கட்டடம் காணியோடு சேர்ந்தே கணக்கிடப்படும். செலவழித்த பணத்தைக் கேட்பதென்றால் கூடப்பிறந்தவர்கள் மேலேயே அவள் வழக்குப் பேச வேண்டி வரும்.

இதில் ஷரீஅத்தின் மீது குறை சொல்ல இடமில்லை. அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது தெரியுமா? சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். தவணைக் கடனை எழுதி வைக்கும்படியும் சாட்சி வைக்கும்படியும் கட்டளையிடும் வசனம் அது. எழுதச் சொன்னவன் அல்லாஹ். எழுத வெட்கப்படுபவர்கள் நாம். 1990இல் உறுதியைக் கையில் எடுத்துவர முடியாமல் போனவர்கள், பின்னர் தம் காணியை நிரூபிக்கப் பட்ட பாட்டை இவ்வூர்த் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்கில் எது?

மாடி கட்ட முன் வாப்பா, உம்மா, பிள்ளைகள், மருமக்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்த ஏற்பாடு கடனா, இரவலா, விற்பனையா, நன்கொடையா?

கடன் என்றால், தொகையையும் கொடுத்தவர் பெயரையும் எழுதிச் சாட்சி வையுங்கள். வாரிசுகள் பங்கிடுமுன் கடனைத் தீர்ப்பது கடமை. நகை மகளுடையது என்றால் அவள் பெயரிலேயே எழுதுங்கள். மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது. கணவருடைய கணக்கில் அது கரைந்துவிடக் கூடாது.

இரவல் என்றால், குடியிருக்க மட்டுமே அனுமதி. இதைத் தெரிந்துகொண்டே பணம் போடட்டும்.

விற்பனையும் ஆகும். ஷாபிஈ மத்ஹபில், ஒருவரது வீட்டின் மேல் கட்டும் உரிமையை மற்றவர் விலைக்கு வாங்கலாம். ஆனால் இடம், நீள அகலம், சுவரின் உயரம், அதன் தன்மை, கூரையின் அமைப்பு எல்லாம் குறிப்பிடப்பட வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் விதித்துள்ளார்கள். வெறும் நிலத்தில் கட்டுவதற்கு இத்தனை விபரம் தேவையில்லை. நிலம் எந்தப் பாரத்தையும் தாங்கும், வீடு தாங்காது என்பதே காரணம்.

நன்கொடை என்றால், வாப்பா ஹயாத்தோடு இருக்கும்போதே ஒப்படைக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன் இரு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும். நன்கொடை மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதப்பட்டாலன்றி, அது மீளப்பெறக் கூடியதாகவே கொள்ளப்படும். மேல்மாடிக்கெனத் தனி உறுதி வேண்டுமானால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி உடைமைச் சட்டம் இருக்கிறது. அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும்போது மற்றப் பிள்ளைகளை மறக்கலாகாது. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்கு மட்டும் தந்தை ஒரு நன்கொடை கொடுத்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்தார்கள்.

மேலும் கீழும்

கப்பலின் மேல்தட்டிலும் கீழ்தட்டிலும் பயணம் செய்த கூட்டத்தின் உவமையை நமக்கு அறிவித்தவரும் அதே நுஃமான் (ரழி) அவர்கள்தாம். தண்ணீருக்காக மேலே போய்வருவது மேலுள்ளவர்களுக்குத் தொல்லை என்று எண்ணி, கீழுள்ளவர்கள் தங்கள் பகுதியில் துளையிட முனைகிறார்கள். தடுக்காவிட்டால் இரு சாராரும் மூழ்குவார்கள். ஒரே தூணில் நிற்கும் இரண்டு குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே தூணை முதலில் பாருங்கள். ஒரு தட்டுக்கென மணல் தரையில் போட்ட அத்திவாரம் இரண்டைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் ஒருவர் சொல்லட்டும். கடல் மணலையும் உவர் நீரையும் கொங்கிரீட்டில் சேர்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, தட்டு வெடிக்கும். வரைபடத்துக்குப் பிரதேச சபையின் அனுமதி வேண்டும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் கவனிக்கப்பட வேண்டும்.

படியை வெளிப்புறமாக வையுங்கள். மச்சான் மஹ்ரம் அல்லர். மேலே போகும் மருமகன் கீழ்வீட்டு மண்டபத்தைக் கடந்து போனால் பெண்களின் பர்தாவுக்கு நாள் முழுதும் சங்கடம். ஜன்னல் அயல்வீட்டு முற்றத்தைப் பார்க்கக் கூடாது. முழங்கால் வலியுள்ள உம்மாவுக்குக் கீழறையையே கொடுங்கள். வாப்பாவுக்குப் பின் அவர் யாருடைய தயவிலும் நிற்காதபடி, ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மதீனாவில் அபூ அய்யூப் (ரழி) அவர்களின் இரண்டடுக்கு வீட்டின் கீழ்ப்பகுதியில் நபி (ஸல்) அவர்கள் தங்கியிருந்தார்கள். ஒருநாள் மேலே தண்ணீர்ப் பானை உடைந்தது. கீழே ஒரு சொட்டும் விழக் கூடாதென்று, தங்களிடமிருந்த ஒரே போர்வையால் கணவனும் மனைவியும் அந்த நீரைத் துடைத்தெடுத்தார்கள். மேலே குடியிருப்போருக்கு இருக்க வேண்டிய பேணுதல் இதுதான்.

சகோதரிகளே! பேச்சை நீங்களே தொடங்குங்கள். வாப்பா சுகமாக இருக்கும்போது கேட்பது மரியாதைக் குறைவல்ல. முதல் மூடை சீமெந்து வருமுன் ஒரு தாளும் பேனாவும் வரட்டும். அல்லாஹ் நம் வீடுகளிலும் உறவுகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.