இடப்பெயர்வும் இடப்பெயர்ச்சியும்

விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் குழம்பும் இடங்களில் ஒன்று எண்ணிக்கணியம், காவிக்கணியம் என்ற பிரிவு. பருமன் மட்டும் உள்ளது எண்ணிக்கணியம்: திணிவு, நேரம், தூரம், கதி. பருமனோடு திசையும் உள்ளது காவிக்கணியம்: விசை, வேகம், இடப்பெயர்ச்சி.

எங்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றையே சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். சாவகச்சேரி, யாழ் நகருக்குக் கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அங்கு போய்ச் சேர்ந்தவரின் இடப்பெயர்ச்சி இதுதான். ‘கிழக்கே’ என்பதை விட்டால் விடை முழுமையில்லை. வீதி வளைந்து செல்வதால் நடந்த தூரம் இதைவிடக் கூட. தூரத்துக்குத் திசை தேவையில்லை.

1996இல் அதே வழியால் திரும்பி, தன் வீட்டு வாசலில் நின்றவரின் தூரம் இரண்டு மடங்கு. இடப்பெயர்ச்சி பூச்சியம்! தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் ஒன்றுதானே. பரீட்சையில் அப்படியே எழுத வேண்டும்.

மீள்குடியேறியோர் கணக்கும் இந்த மாதிரித்தான் என்று நான் நினைக்கிறேன். புறப்பட்ட இடத்தையும் வந்து சேர்ந்த இடத்தையும் மட்டும் அது பார்க்கும். இடையில் அலைந்த தூரத்தை எங்கள் வீடுகளில் கேட்டு நாங்கள்தான் எழுதிவைக்க வேண்டும்.